கர்ண மோட்சமும் கிரேக்கத் துன்பியலும்: ஓர் ஒப்பீடு

முன்னுரை

தமிழில் துன்பியல் நாடகம் உண்டா என்ற கேள்வி நூறாண்டுக்கு மேலாகக் கேட்கப்பட்டு வருகிறது. இல்லை என்போர் மூன்று காரணங்கள் கூறுவர். இந்திய நாடக மரபு மங்கல முடிவையே விரும்பியது. வினைப்பயன் என்ற நம்பிக்கை எல்லாத் துன்பத்துக்கும் விடை சொல்லிவிடுவதால் அவலத்துக்கு இடமில்லாமற் போகிறது. மரணத்தின் பின் வீடுபேறு கிடைத்துவிடுவதால் அழிவு என்பது அழிவாகவே இருப்பதில்லை. எனவே துன்பியல் என்பது ஏதென்ஸ் நகரில் பிறந்து, ஷேக்ஸ்பியரிடம் வளர்ந்து, ஆங்கிலக் கல்வியோடு நம்மிடம் வந்த இறக்குமதி என்பது அவர்கள் முடிவு.

இம்முடிவைச் சோதிக்கப் புத்தகத்தைவிட ஆடுகளமே ஏற்ற இடம். வட தமிழகத்துத் திரௌபதி அம்மன் விழாக்களில் ஆடப்படும் தெருக்கூத்தில் மிகப் பெயர் பெற்றது 'கர்ண மோட்சம்'. இக்கூத்தைக் கிரேக்கத் துன்பியலோடு தோற்றம், அரங்கு, அவலக் கருத்து என்னும் மூன்று நிலைகளில் ஒப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கூத்துக்குக் கிரேக்கச் சான்றிதழ் வாங்கித் தருவது நோக்கமன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒவ்வொன்றிலும் முன்பு கண்ணில் படாதது தெரியவரும் என்பதே ஒப்பீட்டின் பயன்.

தோற்றம்: விழாவின் வயிற்றில் பிறந்தவை

கிரேக்கத் துன்பியல் டயோனிசஸ் என்னும் தெய்வத்தின் விழாவில் பிறந்தது. ஏதென்ஸ் நகரில் ஆண்டுதோறும் இளவேனில் தொடக்கத்தில் நடந்த பெருவிழாவில் ஊர்வலம், பலி, குழுப்பாடல் ஆகியவற்றோடு நாடகப் போட்டியும் நடந்தது. கி.மு. 534 அளவில் தெஸ்பிஸ் என்பவர் பாடற்குழுவிலிருந்து பிரிந்து தனி நடிகராகப் பேசினார் என்பது மரபுச் செய்தி. ஈஸ்கிலஸ் இரண்டாம் நடிகரையும் சோபக்ளீஸ் மூன்றாம் நடிகரையும் சேர்த்தனர் என்கிறார் அரிஸ்டாட்டில். டயோனிசஸை வாழ்த்திய குழுப்பாடலை முன்நின்று நடத்தியவர்களிடமிருந்தே துன்பியல் தோன்றியது என்பதும் அவர் கூற்று. 'டிராஜிடி' என்ற சொல்லுக்கு 'ஆட்டுப் பாட்டு' என்பது பொருள். அது பலியாட்டைக் குறிக்கிறதா, பரிசு ஆட்டைக் குறிக்கிறதா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்தில்லை.

நம் பக்கம் வருவோம். செந்துறையிலிருந்து வடக்கே சென்று வெள்ளாற்றைக் கடந்தால் பழைய தென்னார்க்காடு. அங்கிருந்து செஞ்சி, திருவண்ணாமலை, செய்யாறு, காஞ்சிபுரம் வரை பரந்து கிடப்பது பாரதக்கூத்தின் நிலம். திரௌபதி அம்மன் கோயில்களில் விழா பத்து நாள், பதினெட்டு நாள் என ஊருக்கு ஏற்ப நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் பாடிப் பொருள் சொல்வார். இரவில் அதே கதைப்பகுதி கூத்தாக நடக்கும். பகலில் காதால் கேட்டதை இரவில் கண்ணால் காண்பது முறை. அர்ச்சுனன் தபசுக்குப் பனைமரம் நடப்படும். நிறைவு நாளில் துரியோதனனின் பேருருவம் மண்ணால் கிடத்தப்பட்டுப் படுகளம் நடக்கும். அன்றே தீமிதியும் நடக்கும்.

இரண்டிடத்திலும் நாடகம் விழாவின் உறுப்பு. பார்க்க வருவோர் வழிபாட்டுக்கும் வந்தவர்கள். ஆனால் ஒரு வேறுபாடு அடிப்படையானது. ஏதென்சில் டயோனிசஸ் விழாவில் ஆடப்பட்ட நாடகங்களில் பெரும்பாலானவை டயோனிசஸைப் பற்றியவை அல்ல. ஈடிபஸ் கதைக்கும் அத்தெய்வத்துக்கும் நேர்த் தொடர்பில்லை. நமது விழாவிலோ கோயிலில் இருப்பவளே கதையிலும் இருக்கிறாள். துகில் உரியப்படும் திரௌபதியும் கருவறையில் இருக்கும் திரௌபதியும் ஒருத்தியே. துச்சாதனன் வேடமிட்டவர் சேலையைத் தொடுமுன் அம்மனை வணங்கி மன்னிப்பு வேண்டும் வழக்கம் இதனாலேயே ஏற்பட்டது.

துன்பியலின் தோற்றம் டயோனிசஸ் வழிபாடு அன்று, இறந்த வீரர்களின் கல்லறைச் சடங்கே என்று 1910இல் வில்லியம் ரிட்ஜ்வே என்ற அறிஞர் வாதிட்டார். கிரேக்கத்தைப் பொறுத்தவரை அக்கருத்தைப் பலர் ஏற்கவில்லை. ஆனால் கர்ண மோட்சத்தைப் பொறுத்தவரை அக்கருத்து நினைக்கத்தக்கது. இக்கூத்து அம்மன் விழாவில் மட்டுமன்றி, வட மாவட்டங்களில் இறந்தவரின் கருமாதியை ஒட்டியும் ஆடப்படுகிறது. தந்தையை இழந்த வீட்டார் விடிய விடிய உட்கார்ந்து கர்ணன் சாவதைப் பார்க்கிறார்கள். ஒரு மரணத்தைத் தாங்க இன்னொரு மரணத்தைப் பார்ப்பது என்ற இந்த ஏற்பாட்டில் துன்பியலின் பயன் என்ன என்ற கேள்விக்கு ஒரு விடை அடங்கியிருக்கிறது. அதைப் பின்னர் காண்போம்.

அரங்கும் ஆட்டமும்

கிரேக்க அரங்கு மலைச்சரிவில் அமைந்தது. ஏதென்சில் அக்ரோபோலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் டயோனிசஸ் அரங்கு இருந்தது. கீழே பாடற்குழு ஆடிப் பாடும் வெளி 'ஆர்க்கெஸ்ட்ரா' எனப்பட்டது. அதன் பின்னே நடிகர்கள் உடைமாற்றும் குடில் 'ஸ்கீன்' எனப்பட்டது. இன்று நாம் சொல்லும் 'சீன்' அதிலிருந்து வந்ததே. கி.மு. நான்காம் நூற்றாண்டில் எழுந்த எப்பிடாரஸ் அரங்கில் ஏறத்தாழ 14,000 பேர் அமரலாம். நடிகர்கள் அனைவரும் ஆண்கள். மூவரே எல்லாப் பாத்திரங்களையும் ஏற்றனர். முகமூடி மாற்றினால் பாத்திரம் மாறும். பாடற்குழுவில் பன்னிருவரும் பின்னாளில் பதினைவரும் இருந்தனர். செலவை ஏற்பது நகரத்துச் செல்வர் ஒருவரின் கடமை.

தமிழுக்கும் அரங்க இலக்கணம் உண்டு. சிலப்பதிகார அரங்கேற்று காதை, இருபத்துநான்கு விரல் கொண்ட கோலால் அளந்து ஏழுகோல் அகலம், எட்டுக்கோல் நீளம், ஒருகோல் உயரம் என அரங்கை வகுக்கிறது. இரண்டு வாயில்கள், மூவகைத் திரைகள், தூண் நிழல் அரங்கில் விழாதபடி வைத்த விளக்கு ஆகியவற்றையும் சொல்கிறது. புரவலர் முறையும் இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசேசுவர நாடகம் ஆடிய திருவாலன் திருமுதுகுன்றன் என்ற சாந்திக்கூத்தனுக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் அளிக்கப்பட்டதை இரண்டாம் இராசேந்திரன் காலக் கல்வெட்டு கூறுகிறது. திருமுதுகுன்றம் என்பது இன்றைய விருத்தாசலம். கூத்தனின் பெயரில் நமக்கு அண்டையூர் இருக்கிறது.

ஆனால் தெருக்கூத்து அரங்கேற்று காதையின் மேடையில் ஏறவில்லை. அதன் இடம் வெறும் தரை. பார்ப்போர் மூன்று பக்கமும் சூழ்ந்து உட்கார, பின்பக்கம் வாத்தியக்காரர்களும் பின்பாட்டுக்காரர்களும் இருப்பர். மிருதங்கம், ஆர்மோனியம், தாளம் ஆகியவற்றோடு முகவீணை என்னும் சிறு துளைக்கருவி ஒலிக்கும். தலைமை வேடங்கள் அணியும் கிரீடமும் புஜக்கட்டையும் மார்புக்கட்டையும் கனமற்ற கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லும் வண்ணத்தாளும் ஒட்டியவை. கட்டை கட்டி ஆடுவதால் 'கட்டைக்கூத்து' என்ற பெயரும் வழங்குகிறது. இருவர் திரையைப் பிடிக்க, அதன் பின்னே நின்று வேடதாரி தன் பெயரையும் பெருமையையும் பாடி, மெல்ல மெல்ல வெளிப்படுவார். இதற்குத் 'திரை விருத்தம்' போன்ற பாடல் வகைகள் உண்டு.

முகமூடிக்குப் பதில் இங்கே முகத்தில் பூசும் வண்ணம். முகமூடி முகத்தை ஒரே உணர்ச்சியில் நிறுத்திவிடும். நடிகர் குரலாலும் உடலாலும் மட்டுமே பேச வேண்டும். வண்ணம் பூசிய முகமோ வியர்த்துக் கலையும். இரவு பத்து மணிக்குப் பளபளத்த கர்ணன் விடியற்காலையில் கரைந்த அரிதாரத்தோடு நிற்கிறான். எட்டு மணி நேரம் ஆடிய களைப்பும் பாத்திரத்தின் சோர்வும் ஒன்றாகிவிடுகின்றன. யாரும் திட்டமிட்டுச் செய்யாத இந்த விளைவு கூத்தின் பெரும் பலம்.

கிரேக்கப் பாடற்குழுவின் இடத்தில் நம்மிடம் இருப்பவர் கட்டியக்காரர். அரசனை அறிமுகம் செய்பவர், வாயிற்காவலர், கோமாளி, கதைசொல்லி எல்லாம் அவரே. பாடற்குழு நகரத்து மூத்தோராகவோ பெண்களாகவோ நின்று நடப்பதைக் கண்டு அஞ்சும், இரங்கும், அறிவுரை கூறும். கட்டியக்காரரோ அரசனையே கேலி செய்வார். ஏதென்சில் நகைச்சுவைக்குத் தனியிடம் இருந்தது: மூன்று துன்பியல் நாடகங்கள் முடிந்தபின் ஒரு 'சாட்டிர்' நாடகம். இங்கே அவலமும் நகையும் ஒரே காட்சியில் கலந்து வருகின்றன. கலப்பு நல்ல ஆட்டக்காரரிடம் பயன் தரும். சிரித்துத் தளர்ந்த மனத்தில் அடுத்த அடி ஆழமாக விழும். ஆனால் பொன்னுருவி அழும் இடத்தில் கட்டியக்காரர் சினிமாப் பாட்டு பாடிக் கைத்தட்டல் வாங்கும் ஆட்டங்களும் உண்டு. அது மரபின் நெகிழ்ச்சி என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது. அங்கே கூத்து தன் சிறந்த காட்சியைத் தானே கெடுத்துக்கொள்கிறது.

மரணத்தைக் காட்டுவதிலும் வேறுபாடு உண்டு. கிரேக்க அரங்கில் பெரும்பாலும் கொலை உள்ளே நடக்கும். தூதன் வந்து சொல்வான். உருளும் மேடையில் பிணத்தை வெளியே கொண்டுவந்து காட்டுவர். வடமொழி நாடக நூலும் தலைவனின் சாவை மேடையில் காட்டுவதை ஏற்பதில்லை. எனினும் பாசனின் 'ஊருபங்கம்' நாடகத்தில் துரியோதனன் மேடையிலேயே உயிர் விடுகிறான். நம் படுகளத்தில் அவன் மண்ணுருவாகக் கிடக்கிறான். வீமன் வேடதாரி தொடையைப் பிளக்கச் செந்நீர் பாய்கிறது. திரௌபதி கூந்தலை முடிக்கிறாள். இறப்பவன் மண், அடிப்பவன் மனிதன், பார்ப்பது ஊர். ஊரறிய அனைவர் கண்முன்னும் சாவைக் காட்டும் துணிவு நம் மரபுக்கு இருந்திருக்கிறது. இந்தியர் மேடையில் சாவைக் கண்டு அஞ்சினர் என்ற பொதுக்கூற்று இந்த இடத்தில் பொருந்தாமற் போகிறது.

கர்ணன் கதையில் அவலம்

'கர்ண மோட்சம்' புகழேந்திப் புலவர் பெயரால் அச்சில் வழங்குகிறது. கதை பதினேழாம் நாள் போரைச் சேர்ந்தது. போருக்குப் புறப்படும் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். தேரோட்டி மகனுக்கு வாழ்க்கைப்பட்டதாக எண்ணி அவனை இகழ்ந்து வந்தவள் அவள். அவள் அவனை ஏற்க மறுக்கிறாள். வாக்குவாதம் நீள்கிறது. கடைசியில் அவன் தன் பிறப்பின் உண்மையைச் சொல்கிறான். அவள் இகழ்ச்சி அழுகையாக மாறுகிறது. ஆனால் நேரம் கடந்துவிட்டது, தேர் காத்திருக்கிறது. பிறகு போர், அந்தணனாக வந்து தருமத்தின் பயனைத் தானமாகக் கேட்கும் கண்ணன், வீழ்ச்சி, வீடு.

அரிஸ்டாட்டில் கி.மு. நான்காம் நூற்றாண்டில் எழுதிய 'கவிதையியல்' துன்பியலுக்குச் சில கூறுகளை வகுத்தது. முழு நல்லவனும் அல்லாத, முழுத் தீயவனும் அல்லாத உயர்ந்தோன் ஒருவன், அவன் செய்யும் ஒரு தவறு, நிலை தலைகீழாக மாறுதல், அறியாதிருந்ததை அறிதல், இவற்றால் இரக்கமும் அச்சமும் எழுதல். இந்தக் கூறுகளைக் கொண்டு கர்ணனைப் பார்க்கலாம்.

முதலாவது அவன் குணம். கொடைக்குப் பெயர்போனவன் என்பது மட்டுமே இன்று மக்கள் மனத்தில் நிற்கிறது. ஆனால் பாரதத்தில் திரௌபதி சபைக்கு இழுத்துவரப்பட்டபோது அவளை இழித்துப் பேசியவர்களில் கர்ணனும் ஒருவன். திரௌபதி கோயிலின் முன்னே, அவளை இழித்தவனுக்காக ஊரே அழுகிறது என்பது எளிய செய்தியன்று. மாசற்றவனாக அவனை ஆக்கினால் இரக்கம் மிகும், அவலம் குறையும். அவனுடைய சிறுமையை மறைக்காமல் ஆடும் குழுவே அவன் பெருமையையும் சரியாகக் காட்டுகிறது.

இரண்டாவது தவறு. அரிஸ்டாட்டில் பயன்படுத்திய 'ஹமார்ட்டியா' என்ற சொல்லின் வேர்ப்பொருள் குறி தவறுதல். வில்லாளிக்கும் ஈட்டி எறிபவனுக்கும் உரிய சொல் அது. கர்ணனுக்கு இது நேர்ப்பொருளிலேயே நிகழ்கிறது. நாகக்கணையைத் தொடுக்கும்போது குறியை மாற்றச் சொல்கிறான் சல்லியன். ஒருமுறை வைத்த குறியை மாற்ற மாட்டேன் என்கிறான் கர்ணன். கண்ணன் தேரை அழுத்த, கணை அருச்சுனன் முடியைக் கொண்டுபோகிறது. இரண்டாம் முறை தொடுப்பதில்லை என்று குந்திக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டான். குறி தவறியதற்குக் காரணம் கைத்திறன் குறைவன்று. சொன்ன சொல்லை மாற்றாத அதே இயல்புதான் அவனைத் துரியோதனனோடு நிறுத்தியது. அதே இயல்புதான் கவசகுண்டலத்தை அறுத்துக் கொடுக்கச் செய்தது. அதே இயல்புதான் இங்கே கொல்கிறது. செஞ்சோற்றுக் கடன் என்று நாம் புகழும் குணமே அவன் தவறும் ஆகும். நல்ல குணத்திலிருந்தே அழிவு முளைப்பதைக் காட்டுவது துன்பியலின் உச்சம். ஈடிபஸிடமும் இதுவே நடக்கிறது. உண்மையைத் தேடி அறியும் அவன் அறிவே அவனைக் காட்டிக்கொடுக்கிறது.

மூன்றாவது அறிதல். இங்கே தமிழ் மரபு கிரேக்கத்தினின்று பிரிகிறது. ஈடிபஸ் தந்தையைக் கொன்று, தாயை மணந்து, பல்லாண்டுக்குப் பின் தான் யார் என்று அறிகிறான். அறிதல் செயலுக்குப் பிந்தியது. கர்ணனோ போருக்கு முன்பே தான் யார் என்று அறிந்துவிட்டான். தம்பிகளோடு போரிடுகிறோம் என்று தெரிந்தே தேரேறுகிறான். அறியாமையால் அழிபவன் ஈடிபஸ். அறிந்தும் அழிபவன் கர்ணன்.

அப்படியானால் கர்ணன் கதையில் அறிதலின் அதிர்ச்சி இல்லையா? உண்டு, அது கொன்றவர்களுக்கு நேர்கிறது. குந்தி களத்துக்கு வந்து கர்ணனை மடியில் கிடத்தி 'மகனே' என்று அழும்போதுதான், தாங்கள் கொன்றது அண்ணனை என்று தருமனும் தம்பியரும் அறிகின்றனர். வியாச பாரதத்தில் போர் முற்றும் முடிந்து, இறந்தோர்க்கு நீர்க்கடன் செலுத்தும் வேளையில்தான் குந்தி உண்மையைச் சொல்கிறாள். வில்லிபுத்தூரார் அதைக் களத்துக்கே கொண்டுவந்து, மரணத்தோடு சேர்த்துவிட்டார். காவியத்துக்கு வியாசரின் தாமதம் பொருந்தும்; நாடகத்துக்கு வில்லியின் நெருக்கமே பொருந்தும். பகலில் வில்லிபாரதம் கேட்டு இரவில் கூத்துப் பார்க்கும் ஊரார்க்கு வெற்றியே தோல்வியாக மாறும் அந்தக் கணம் கிடைத்தது இம்மாற்றத்தால்தான். உற்றாருக்குள் நடக்கும் கொலையே துன்பியலுக்கு மிகவும் ஏற்றது, அதிலும் அறியாமல் செய்து பின் அறிவது சிறந்தது என்ற அரிஸ்டாட்டிலின் கருத்துக்குப் பாண்டவரைவிடச் சிறந்த சான்று கிரேக்கத்திலும் அரிது.

நான்காவது மெய்ப்பாடு. இரக்கம், அச்சம் என்ற இணையைத் தொல்காப்பியர் வேறு வகையில் நுணுகி ஆராய்ந்தார். எட்டு மெய்ப்பாடுகளில் அழுகையும் அச்சமும் தனித்தனியே நிற்கின்றன. அழுகை பிறக்கும் இடங்கள் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்படுதல், உயிரையோ உறவையோ இழத்தல், பண்டைய நிலை தளர்தல், இல்லாமை என்று இவற்றை விளக்கலாம். கர்ணனிடம் நான்கும் ஒருங்கே கூடுகின்றன. குலத்தால் இகழப்பட்டான், தாயை இழந்து வளர்ந்து, தாயைக் கண்ட பின்னும் இழந்தான், தேர் புதைந்து, கற்ற வித்தை மறந்து தளர்ந்தான், கவசம் முதல் செய்த தருமம் வரை அனைத்தையும் கொடுத்து ஒன்றுமில்லாதவன் ஆனான். தமிழ்ப் பார்வையாளர் துரியோதனனுக்கோ அபிமன்யுவுக்கோ அழுவதைவிடக் கர்ணனுக்கு அழுவதன் காரணத்தைத் தொல்காப்பியத்தின் இந்தப் பட்டியல் அரிஸ்டாட்டிலைவிடத் தெளிவாகச் சொல்கிறது. குறிப்பாக இளிவு. கிரேக்கத் துன்பியலின் தலைவன் உயரத்திலிருந்து விழுபவன். கர்ணனோ உயரத்திலிருந்தும் இகழப்பட்டவன். அங்க நாட்டு அரசனானபின்னும் 'தேரோட்டி மகன்' என்ற சொல் அவனை விடவில்லை. சொந்த மனைவி வாயாலேயே அதைக் கேட்கும் காட்சியைக் கூத்து நடுநாயகமாக வைத்தது தற்செயலன்று. பிறப்பைக் கேட்டு மதிப்பிடும் ஊர்களில், அதே இகழ்ச்சியை அறிந்தவர்கள் ஆடியும் பார்த்தும் வளர்த்த காட்சி அது.

மோட்சம் அவலத்தை அழிக்கிறதா?

எஞ்சி நிற்பது வலுவான தடை. பெயரிலேயே மோட்சம் இருக்கிறது. கண்ணன் காட்சி தந்து வீடு அளிக்கிறான். பின் துன்பியல் எங்கே?

முதலில், கிரேக்கத்தில் ஆறுதல் முடிவே இல்லை என்பது சரியன்று. கி.மு. 458இல் அரங்கேறிய ஈஸ்கிலஸின் 'ஒரெஸ்தியா' மூன்று நாடகத் தொடரில், கொலைக்குக் கொலை என்று போன பழி கடைசியில் நீதிமன்றத்தில் முடிகிறது. பழிவாங்கும் தேவதைகள் ஏதென்ஸ் நகரைக் காக்கும் தெய்வங்களாக அமர்த்தப்படுகின்றன. சோபக்ளீஸ் இறந்தபின் கி.மு. 401இல் அரங்கேறிய 'கொலோனஸில் ஈடிபஸ்' நாடகத்தில், அலைந்து திரிந்த ஈடிபஸ் தெய்வ அழைப்போடு மறைகிறான்; அவன் மறைந்த இடம் நகருக்கு அரணாகிறது. மோட்சம் வருவதால் கர்ணன் கதை துன்பியல் அன்று என்றால், இவ்விரண்டையும் அப்பட்டியலிலிருந்து நீக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவதாக, மோட்சம் எதைச் சரிசெய்கிறது, எதைச் சரிசெய்யவில்லை என்று பார்க்க வேண்டும். கர்ணனுக்கு வீடு கிடைக்கிறது. பொன்னுருவிக்குக் கணவன் கிடைக்கவில்லை. குந்திக்கு மகன் கிடைக்கவில்லை. தருமனுக்கு அண்ணன் கிடைக்கவில்லை. அதுமட்டுமன்று: மோட்சம் தருபவனும், தேரை அழுத்திக் கணையைத் தவறச் செய்தவனும், தருமப் பயனைக் கேட்டு வாங்கி அவன் சாவுக்கு வழி செய்தவனும் ஒருவனே. கொல்பவனே காப்பவனாகவும் நிற்கும் இந்த முரண் பக்தியால் மூடப்படலாம், தீர்க்கப்படுவதில்லை. கூத்துப் பார்க்கும் மக்கள் கண்ணனைக் கும்பிட்டுக்கொண்டே 'இப்படிச் செய்யலாமா' என்றும் கேட்பார்கள். யூரிப்பிடிஸின் நாடகங்களில் தெய்வங்களை நோக்கி எழும் கேள்வியும் இதை ஒத்ததே.

ஊழைப் பற்றியும் இவ்வாறே. பரசுராமர் சாபம், அந்தணர் சாபம் என்று கர்ணன் மேல் முன்பே விழுந்தவை உண்டு. அவை ஏன் நிகழ்ந்தது என்பதற்கு விடை சொல்கின்றன. தகுமா என்பதற்கு விடை சொல்வதில்லை. காரணம் தெரிவதும் மனம் ஆறுவதும் ஒன்றல்ல. வினைக்கொள்கை அவலத்தைக் கொன்றுவிடும் என்போர் இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுகின்றனர்.

இனி, கருமாதி இரவுக்குத் திரும்பலாம். அரிஸ்டாட்டில் துன்பியல் இரக்கத்தாலும் அச்சத்தாலும் அவ்வுணர்ச்சிகளின் 'கதார்சிஸ்' அடையச் செய்கிறது என்றார். அச்சொல் தூய்மை செய்தலா, வெளியேற்றலா என்று அவர் விளக்கவில்லை. அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். ஏதென்சில் அந்த வேலையை நாடகமே செய்ய வேண்டியிருந்தது. நம் ஊர்களில் நாடகம் பாதியைச் செய்து, மீதியைச் சடங்கிடம் ஒப்படைக்கிறது. குந்தியின் அழுகையோடு வீட்டுப் பெண்களின் அழுகையும் சேர்கிறது. விடிகிறது. அடுத்துச் செய்ய வேண்டிய சடங்குகளும் வேலைகளும் காத்திருக்கின்றன. விழாவிலோ படுகளத்தின் புழுதி அடங்குமுன் தீமிதிக்கு நெருப்பு மூட்டப்படுகிறது. துயரத்தை அரங்கிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவதில்லை. அதைக் கையோடு எடுத்துச் சென்று வேறொரு செயலாக மாற்றுகிறார்கள். மோட்சம் என்ற சொல் கர்ணனுக்கு எவ்வளவு உரியதோ அவ்வளவு இறந்த வீட்டாருக்கும் உரியது. தங்கள் இறந்தவருக்கும் அது கிட்டும் என்ற வேண்டுதலே அந்த இரவு.

இன்றைய நிலை: எதை இழக்கலாம், எதை இழக்கக் கூடாது

கூத்தை நகர மேடைக்குக் கொண்டுவரும் முயற்சிகள் பயனற்றவை அல்ல. 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை, புரிசை கண்ணப்பத் தம்பிரான் போன்ற ஆசான்களின் கலையைப் புதிய நாடகத்தோடு இணைத்தது. காஞ்சிபுரத்தில் பெ. இராஜகோபாலும் ஹன்னா டி புரூயினும் கட்டைக்கூத்துச் சங்கத்தின் வழியாகவும், 2002 முதல் குருகுலத்தின் வழியாகவும் சிறுமியர்க்கும் இக்கலையைக் கற்பித்தனர். ஆண்களே ஆடிவந்த கூத்தில் இது பெரிய மாற்றம். இலங்கையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' ஆகியவற்றைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். விடிய விடிய நடந்த கூத்தைச் சுருக்கியபோதும், தலைவனின் வீழ்ச்சியை மையமாக வைத்ததால் அவை எடுபட்டன. சுருக்கம் தவறன்று என்பதற்கு அவை சான்று.

ஆனால் எல்லாச் சுருக்கமும் அவ்வாறு அமைவதில்லை. கலைவிழாவுக்கு இருபது நிமிடம் என்றால் எஞ்சுவது சுழற்சி அடவும் போர்க்காட்சியும்தான். பொன்னுருவியிடம் விடைபெறும் நீண்ட வாக்குவாதத்தை வெட்டினால், இளிவு போகிறது. இளிவு போனால் கர்ணன் வெறும் வீரன். கிரீடமும் கட்டையும் மின்னும், முகவீணை ஒலிக்கும், வெளிநாட்டு விருந்தினர் படமெடுப்பர். துன்பியல் மட்டும் இருக்காது. ஈடிபஸ் நாடகத்தில் சாட்சிகளை விசாரிக்கும் காட்சிகளை நீக்கிவிட்டு, அவன் கண்ணைக் குத்திக்கொள்ளும் முடிவை மட்டும் காட்டுவது போன்றது இது.

பள்ளிப் பாடத்திலும் ஒரு குறை நெடுங்காலமாக உள்ளது. துன்பியல் என்றால் 'ஹாம்லெட்', 'மேக்பெத்' என்று கற்பிக்கிறோம். தெருக்கூத்தை 'நாட்டுப்புறக் கலைகள்' என்ற தலைப்பில் கரகாட்டம், ஒயிலாட்டத்தோடு ஒரு வரியில் முடிக்கிறோம். தேர்வுக்கு அது போதும். ஆனால் தன் ஊர்த் திடலில் பார்த்ததும் தன் பாடநூலில் படித்ததும் ஒரே பொருளைப் பற்றியவை என்பது மாணவருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. கூத்தாடும் குடும்பத்துப் பிள்ளை அதைச் சொல்லக் கூச்சப்படும் நிலையும் இதன் விளைவே.

முடிவுரை

கிரேக்கத் துன்பியலும் கர்ண மோட்சமும் விழாவில் பிறந்தவை. திறந்த வெளியில் ஆண்கள் ஆடி வளர்த்தவை. உற்றாருக்குள் நடக்கும் அழிவைப் பொருளாகக் கொண்டவை. ஏதென்ஸ் நாடகத்துக்குத் தனி ஆசிரியரும் போட்டியும் பரிசும் உண்டு. கூத்து பல தலைமுறை ஆசான்களின் கூட்டுச் செயல். அங்கே அறிதல் தலைவனுக்கு. இங்கே அறிதல் கொன்றவர்களுக்கு. அங்கே நாடகமே துயரைத் தீர்க்க முயல்கிறது. இங்கே நாடகமும் சடங்கும் பங்கிட்டுக்கொள்கின்றன.

தமிழில் துன்பியல் இல்லை என்ற முடிவு, அச்சிட்ட நாடகங்களை மட்டும் எண்ணியதால் வந்தது. ஆடப்பட்டதையும் எண்ணினால் அம்முடிவு நிற்காது. மாசி முதல் ஆடி வரை வட மாவட்டத்து ஏதேனும் ஓர் ஊரில் கர்ணன் பொன்னுருவியிடம் விடைபெற்றுக்கொண்டிருப்பான். வாய்ப்புள்ளோர் ஒரு முறையேனும் முழு இரவும் அமர்ந்து பார்க்க வேண்டும். நடுவில் எழுந்து போகாமல், விடியும்வரை.